பனிக்கடலில் நாற்பது வீடுகள்

மீட்டர்காரருக்கு வரைபடத்தின் மேல் ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. இருபத்திரண்டு வருடமாக வீடு வீடாகப் போய், குனிந்து, தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணை எழுதிக்கொண்டு வருகிறவர். எந்தச் சந்தில் எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டு மீட்டர் பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதற்கு மேல் ஊரைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்துப் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தது ஒரு சுற்றறிக்கை.

அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் மதியத்தில் ஆஸ்பத்திரி வேன் வாசலுக்கு வரும். ஏற்றிக்கொண்டு போய், நான்கு மணி நேரம் டயாலிசிஸ் முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடும். ஒரு செவ்வாய்க்கிழமை வேன் டிரைவர் இறங்கும்போதே அந்தச் சுற்றறிக்கையோடு இறங்கினார். மூன்று மாதம் கழித்து, முதல் தேதியிலிருந்து, நகர வரைபடச் செயலியில் புள்ளி உள்ள வீடுகளுக்கு மட்டுமே வேன் வரும் என்று அதில் இருந்தது. செயலியைத் திறந்து பார்த்தார்கள். அவர்கள் சந்து இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு வெற்றிடம் இருந்தது.

"அண்ணே, கண்ண கட்டி விட்டாக்கூட உங்க வீட்டுக்கு வந்துடுவேன். ஆனா இனிமே நான் வந்தா மட்டும் பத்தாதாம். புள்ளியும் இருக்கணுமாம்," என்றார் டிரைவர்.

மறுநாளே மீட்டர்காரர் நகராட்சியின் வரைபட அலுவலக ஜன்னலில் போய் நின்றார். 'புள்ளி இல்லாத வீட்டுக்குப் புள்ளி கோரும் விண்ணப்பம்' என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். முதல் கட்டமே, வீட்டின் புள்ளி எண்.

"புள்ளியே இல்லைங்களே?"

"அதுக்குத்தானே இந்த ஃபாரம்," என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்.

"அப்ப இந்தக் கட்டத்துல என்ன எழுதறது?"

"புள்ளி நம்பர் எழுதுங்க."

அவர் கட்டத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் இரக்கப்பட்டு ஒரு குறுக்குவழி சொன்னாள். பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் வாங்கியவர்கள் படிவம் இல்லாமலே புள்ளி வைக்கலாம். அந்தப் பயிற்சிக்கு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒருவரை அனுப்பச் சொல்லி ஆறு மாதமாகக் கடிதம் வந்துகொண்டிருந்தது. யாரும் போகாமல் ஆளாளுக்கு நழுவிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருட வேலையில் முதல் தடவையாக மீட்டர்காரர் கையைத் தூக்கினார். பிரிவுத் தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் நலம்தானே என்று விசாரித்தார்.

இணையவழி மற்றும் கைபேசிவழிப் புவித்தகவல் முறைமைகள் உருவாக்கப் பயிற்சி நிலையம் என்பது அதன் பெயர். பலகை கட்டடத்தின் முகப்பில் தொடங்கி, இடம் போதாமல் மூலையில் திரும்பி, பக்கவாட்டுச் சுவரில் முடிந்தது. முழுப் பெயரையும் படிக்க வேண்டுமானால் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

வருகைப் பதிவு கைபேசியில்தான். நிலையத்தின் புள்ளிக்குப் பத்தடிக்குள் நின்று பொத்தானை அழுத்தினால் வந்ததாகக் கணக்கு. அந்தப் புள்ளி எதிர்ச் சாரியில் இருந்த சலவைக்கடைக்குள் விழுந்திருந்தது. எனவே தினமும் காலை ஒன்பதரைக்கு, பயிற்சிக்கு வந்த நாற்பது பேரும், பயிற்றுநரும், இயக்குநரும் சலவைக்கடைக்குள் நெருக்கியடித்து நின்று, நீராவியில் வியர்த்து, பொத்தானை அழுத்திவிட்டுச் சாலையைக் கடந்து நிலையத்துக்கு வருவார்கள். சலவைக்கடைக்காரர் ஆரம்பத்தில் சத்தம் போட்டாராம். கடைக்கு 'இணைப்புக் கட்டடம்' என்று ஒரு பலகை மாட்டி அவரைச் சமாதானப்படுத்திவிட்டார்கள்.

நிலையத்தின் வாசலில் கைபேசியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். உள்ளே கைபேசிக்கு அனுமதியில்லை.

"கைபேசிக்குத்தானேங்க ஆப் செய்யக் கத்துக்க வந்திருக்கோம்?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

"கையில போன் இருந்தா யாருக்குங்க பாடத்துல மனசு போகும்?" என்றார் காவலாளி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

கைபேசிக்குப் பதிலாக ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கைபேசி அளவுக்கு வெட்டி, திரை மாதிரிக் கட்டம் போட்ட அட்டை. பாடம் எடுத்தவருக்கு முந்தைய குழு வைத்துவிட்டுப் போன பெயர் ஸ்லைடு சார். சுவரில் விழும் பக்கங்களை வரி பிசகாமல் படிப்பார். மின்சாரம் போனாலும் நிறுத்த மாட்டார், எல்லாம் மனப்பாடம். வெறும் சுவரைக் காட்டி, 'இந்தப் படத்தில் காண்பதுபோல' என்பார். மீட்டர்காரர் சுவரை உற்றுப் பார்ப்பார். சில நாள் அவருக்கே ஏதோ தெரிவதுபோல இருந்தது.

"எல்லாரும் ரெண்டு விரலை அட்டை மேல வையுங்க. இப்ப விரிங்க. ஊர் பெருசாயிடுச்சுன்னு வெச்சுக்குங்க," என்பார் ஸ்லைடு சார். நாற்பது பேரும் விரலை விரித்தார்கள். பூங்காக் காவலர் ஒருவர் மட்டும் அட்டை கிழிந்துவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். செயலி முடங்கிவிட்டது, மறுபடி தொடங்குங்கள் என்று அவருக்குப் புது அட்டை வந்தது.

கம்ப்யூட்டர் இல்லாமலும் இல்லை. பின்னறையில் இருபது இருந்தன, எல்லாம் உறை போட்டு. திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் இன்னும் தேதி கொடுக்கவில்லை. அறைச் சாவி கண்காணிப்பாளர் அம்மாவின் இடுப்பில் இருந்தது. அந்த அம்மாள் தினமும் பதினோரு மணிக்குக் கதவைத் திறந்து, உறையின் மேல் படிந்த தூசியைத் தட்டி, மறுபடி பூட்டிவிடுவார்.

"அம்மா, உறையை எடுத்துட்டு ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமா?" என்று மீட்டர்காரர் கேட்டுப் பார்த்தார்.

"உறையை எடுத்தா தூசி படியும். தூசி படிஞ்சா கெட்டுப்போகும். கெட்டுப்போனா நீங்க எதுல கத்துக்குவீங்க?" என்று பரிவோடு கேட்டார் அந்த அம்மாள்.

ஆகவே நிரல்களை நோட்டில் எழுதினார்கள். இணையத்தில் வரைபடம் காட்டும் நிரல், புள்ளி வைக்கும் நிரல், புள்ளியைத் தொட்டால் பெயர் சொல்லும் நிரல். இடப்பக்கம் ஓரக்கோடு போடாவிட்டால் இரண்டு மதிப்பெண் குறைவு. மீட்டர்காரருக்கு ஒருமுறை மூன்று போனது, கடைசி அடைப்புக்குறி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டதால். ஒரு அடைப்புக்குறிக்காகக் கம்ப்யூட்டரைப் பக்கம் புரட்ட வைப்பது முறையல்ல என்று ஸ்லைடு சார் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் மீட்டர்காரர் உண்மையாகவே கற்றுக்கொண்டார். செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போவார். மனைவியின் ஒரு கை இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும். அவர் பக்கத்தில் முக்காலி போட்டு, படுக்கை ஓரத்தில் நோட்டை வைத்து எழுதுவார்.

"ஏங்க, இதுல எத்தனை பிராக்கெட்டு! எதுக்கு இவ்வளவு?"

"திறந்தா மூடணும். அவ்வளவுதான்."

"குழாய் மாதிரியா?"

"குழாயேதான்."

சும்மா இருந்த கையால் அவள் திறந்தவற்றையும் மூடியவற்றையும் எண்ணத் தொடங்கினாள். நாளடைவில் அவரைவிட அவள் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். "ஒண்ணு குறையுது பாருங்க, மூணாவது வரியில," என்பாள். குறைந்துதான் இருக்கும். அந்த நேரங்களில் மீட்டர்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட இருவரும் சேர்ந்து ஒரு காரியத்தை இப்படி ஊன்றிச் செய்ததில்லை என்று தோன்றியது.

"புள்ளி வந்துடுமில்ல?" என்று போகும்போது கேட்பாள்.

"வந்துடும்," என்பார்.

பதினோராவது வாரம் பெரிய மனிதர் வந்தார். ரிப்பனை வெட்டினார். முதல் கம்ப்யூட்டரின் உறையை நீக்கி, விசைப்பலகையில் இருப்பதிலேயே பெரிய விசையாகப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினார். அது என்டர் விசை. கைதட்டல் அடங்கியதும், அவர் தொட்ட விசையை வேறு யாரும் தொடக்கூடாது என்று அதன்மேல் கண்ணாடி மூடி போட்டு ஒட்டிவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர் அதற்குப்பின் எதற்கும் பதில் சொல்லவில்லை.

மற்ற பத்தொன்பதில் இணைப்பு இருந்தது ஒன்றில்தான். அதில் ஆளுக்கு நான்கு நிமிடம், அதுவே செய்முறைத் தேர்வு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பட்டியல் வந்திருந்தது. டயாலிசிஸுக்கு வேனில் வருகிறவர்களில், வரைபடத்தில் இல்லாத நாற்பது வீடுகள். ஆளுக்கு ஒரு வீடு. நேரில் போய் வாசலில் நின்று, நிலையம் கொடுத்த கருவியில் அந்த இடத்தின் இரண்டு எண்களையும் பார்த்துப் படிவத்தில் எழுத வேண்டும். வடக்கே எவ்வளவு என்பது ஒரு எண், கிழக்கே எவ்வளவு என்பது இன்னொன்று. அப்புறம் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

மீட்டர்காரரின் வீட்டுத் தாள் பூங்காக் காவலர் கைக்குப் போயிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டார். பதிலுக்குக் காவலருக்கு வழி காட்டப் போனார். வழி காட்டுவதாக அவர் ஒத்துக்கொண்டது தெரிந்ததும் மீதிப் பேரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். நாற்பது வீட்டுக்கும் அவர்தான் முன்னால் நடந்தார். எல்லா வாசலிலும் அவரைப் பார்த்து, மாசம் முடியலையே, அதுக்குள்ள மீட்டரா என்று கேட்டார்கள். இல்லை, உங்க வீட்டைப் படத்தில் ஏற்ற வந்திருக்கிறோம் என்றார். எல்லாரும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள்.

தேர்வன்று அவருக்கு முன்னால் பதினான்கு பேர் புள்ளி வைத்தார்கள். ஒவ்வொருவர் ஏற்றியதும் திரை முழுவதும் நீலமானது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி நின்றது.

"நீலம் வந்தா வரைபடம் ஏறிடுச்சுன்னு அர்த்தம்," என்றார் ஸ்லைடு சார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மீட்டர்காரரின் முறை வந்தது. அவரும் படிவத்தில் இருந்தபடியே இரண்டு எண்களையும் ஏற்றினார். நீலம். அவர் மட்டும் கைதட்டலுக்குக் காத்திராமல், அட்டையில் பழகியபடி படத்தைச் சுருக்கினார். இன்னும் சுருக்கினார். நீலத்தின் ஓரத்தில் வெள்ளை வந்தது. உலகத்தின் உச்சியில், பனிக்கட்டி மிதக்கும் கடலில், பதினைந்து வீடுகள் நின்றன.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. எண்ணைக் கட்டம் மாற்றி எழுதுவது அவர் தொழிலில் ஆள் தவறாமல் செய்கிற பிழை. போன மாத அளவும் இந்த மாத அளவும் கட்டம் மாறிவிட்டால், அந்த வீட்டுக்காரர் மாதம் முழுவதும் குழாய்க்குத் தண்ணீர் திருப்பிக் கொடுத்ததாக வந்து நிற்கும். படிவம் வடக்கை முதலில் எழுதச் சொல்லியிருந்தது. கம்ப்யூட்டர் கிழக்கை முதலில் கேட்டது. அவர் இரண்டையும் இடம் மாற்றித் தட்டினார். படம் ஒரு துள்ளுத் துள்ளி, அவர் ஊருக்கு வந்து, பச்சை வெற்றிடத்தின் நடுவில் நின்றது. அவர் சந்து. அவர் வீடு. நான்கு நிமிடம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் ஸ்லைடு சாரைப் பிடித்தார்.

"சார், ரெண்டு நம்பரும் கட்டம் மாறிக் கிடக்கு. ஃபாரத்துல வடக்கு முதல்ல. மெஷின் கிழக்கை முதல்ல கேக்குது."

"ஃபாரம் கமிட்டி போட்டது," என்றார் ஸ்லைடு சார்.

"மெஷின்?"

"அதுவும் கமிட்டி வாங்கினதுதான்."

"ஒரே கமிட்டியா சார்?"

"வேற வேற கமிட்டி. ரெண்டு கமிட்டி தனித்தனியா உட்கார்ந்து எடுத்த முடிவு எப்படிங்க தப்பாகும்?"

இரண்டு நாளில் இயக்குநரிடமிருந்து அழைப்பு வந்தது. இயக்குநர் உருண்டையாக, சாந்தமாக இருந்தார். மேசைக்குப் பின்னால் சுவர் நிறைய உலக வரைபடம். அதன் உச்சியில் சிவப்பு ஊசிகள் கொத்தாகக் குத்தியிருந்தன. கீழே ஒரே ஒரு ஊசி தனியாக நின்றது.

"முப்பத்தொன்பது புள்ளி ஒரே இடத்துல இருக்கு. உங்களது மட்டும் தனியா எங்கேயோ கிடக்கு. என்ன பண்ணினீங்க?" என்றார்.

"ஐயா, என்னோடதுதான் சரிங்க. அந்த முப்பத்தொன்பதும் கடல்ல இருக்கு."

"முப்பத்தொன்பது பேர் தப்பு, நீங்க ஒருத்தர் சரி?"

"எங்க வீடு கடல்ல இல்லைங்க ஐயா. இன்னைக்குக் காலையில அங்கதான் பல் தேய்ச்சேன்."

"பல் தேய்ச்சதுக்கு ஆவணம் இருக்கா?"

மீட்டர்காரர் யோசித்துப் பார்த்தார். இல்லை.

இயக்குநர் கோபப்படவில்லை. எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். உங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. நிலத்தைப் பார்த்துப் பார்த்து வரைபடம் போட்டா, நிலம் மாறும்போதெல்லாம் நாமளும் மாறணும். ஒரு நிறுவனம் அப்படி ஆடக்கூடாது. நிலம் யாரையும் கேட்டுக்கிட்டு மாறறதில்லை. வரைபடம் கமிட்டியைக் கேட்டுத்தான் மாறும். ரெண்டுல எதை நம்புவீங்க? நான் இங்க வந்தப்ப ஒரு ஏரியைத் தவறுதலா ரெண்டு தடவை வரைஞ்சிருந்தாங்க. நான் அழிக்கல. அடுத்த வருஷம் ரெண்டு ஏரியையும் தூர் வாரி முடிச்சோம்."

பேசிக்கொண்டே கீழே இருந்த ஊசியைப் பிடுங்கி, கடலில் மற்ற ஊசிகளுக்குப் பக்கத்தில் குத்தினார்; செயலியிலும் அப்படியே மாற்றச் சொல்லி ஒரு குறிப்பு எழுதினார். "பாருங்க, எல்லாரோடயும் சேர்ந்தாச்சு. இனிமே நீங்க தனியில்லை," என்றார்.

நாற்பதுக்கு நாற்பது சரியாக வந்ததால் எல்லாரும் தேர்ச்சி. சான்றிதழ் கொடுத்தார்கள். இயக்குநர் மேடையில், இந்த நகரத்தில் இனிமேல் முகவரி இல்லாதவர் யாரும் இல்லை என்று பேசினார். மீட்டர்காரர் சான்றிதழை வாங்கிக்கொண்டு மறுநாளே ஜன்னலுக்கு ஓடினார். சான்றிதழ் உள்ளவர் புள்ளி இல்லாத வீட்டுக்குத்தான் புள்ளி வைக்கலாம், உங்கள் வீட்டுக்குத்தான் புள்ளி இருக்கிறதே என்றாள் அந்தப் பெண்.

முதல் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. வேன் பெரிய தெரு முனை வரைக்கும் வந்து நின்றது. மீட்டர்காரர் போய்ப் பார்த்தார். டிரைவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். திரையில், பாதை இல்லை, படகுத்துறையை அணுகவும் என்று எழுதியிருந்தது.

"நான் என்னண்ணே செய்வேன்? புள்ளியைத் தொடாம ஆளை ஏத்தினா வண்டி பதிவு பண்ணிடும். மூணு தடவை பதிவானா எனக்கு வேலை போயிடும். அண்ணிகிட்ட நான் வரலைன்னு மட்டும் சொல்லிடுங்க. வந்துட்டுத் திரும்பிப் போனேன்னு சொல்லாதீங்க," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். வேனில் வந்தவர்களுக்குத்தான் முதல் படுக்கை. சொந்தமாக வந்தவர்கள் மிச்சம் இருந்தால். தாழ்வாரத்தில் கூட்டமாக இருந்தது. மீட்டர்காரருக்கு எல்லாரையும் தெரியும், எல்லார் வாசலிலும் தண்ணீர் குடித்திருந்தார். நான்கு மணி நேரம் காத்திருந்ததில் இரண்டு மணி நேர டயாலிசிஸ் கிடைத்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அடுத்த வெள்ளி அதுவும் இல்லை.

மனைவிக்குக் கால் வீங்கியது. கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கினாள். "எனக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்வதற்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். மீட்டர்காரருக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாளில் அந்தப் பயமும் அடங்கி, உடம்பெல்லாம் மரத்துப்போனது போல ஆனது. சாப்பிட்டாரா என்று கேட்டால் யோசித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை இயக்குநரின் காலில் விழுவதென்று முடிவு செய்துகொண்டு போனார். அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. இயக்குநர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நாற்காலியைக் காட்டினார்.

"உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து ஒரு கடிதம் வந்திருக்கு. படிச்சுப் பாருங்க."

மீட்டர்காரர் படித்தார். நாற்பது நோயாளிகளின் வீடுகள் கடலில் காட்டப்படுகின்றன. புள்ளிகள் தவறு என்றால் திருத்தித் தரவும். சரி என்றால், இவர்கள் நகர எல்லைக்கு வெளியே வசிப்பவர்களாகிறார்கள். சிகிச்சைப் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்க வேண்டியிருக்கும். தகுதி பெற்ற ஒருவரின் கையெழுத்துடன் பதில் அனுப்பவும்.

"திருத்திடலாங்களே ஐயா! ரெண்டு நம்பரையும் இடம் மாத்தினாப் போதும். நானே உட்கார்ந்து மாத்தறேன், பத்து நிமிஷ வேலை," என்றார் மீட்டர்காரர்.

"பத்து நிமிஷத்துல மாத்திடலாம். அப்புறம் நாற்பது பேருக்குக் கொடுத்த சான்றிதழ்? ரெண்டு கமிட்டி? திறந்துவெச்ச பெரிய மனுஷர்? அவங்களையெல்லாம் எங்க மாத்தறது?" இயக்குநர் ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ஆஸ்பத்திரி கேக்கறது ஒரே கேள்விதான். புள்ளி சரியா, இல்லையா? என்கிட்ட நாற்பது பேர் இருக்காங்க. ஆனா ஆரம்பத்துல எதிர்த்துப் பேசினவர் ஒருத்தர்தான். எதிர்த்தவர் போடற கையெழுத்துக்குத்தான் மதிப்பு. உங்களைத் தர உறுதி அலுவலரா நியமிச்சிருக்கேன். இன்னைத் தேதியிலேருந்து."

மீட்டர்காரர் ஆஸ்பத்திரிக் கடிதத்தை மடித்து மேசை மேல் வைத்தார்.

"அலுவலர்னா குடும்பத்தோட வைத்தியச் செலவு, போக்குவரத்து எல்லாம் நிலையத்தோட பொறுப்பு. ஆஸ்பத்திரியில அலுவலர் குடும்பத்துக்குத் தனிப் பட்டியல். செவ்வாய், வெள்ளி கார் வரும். உங்க வீட்டுல உடம்பு சரியில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"கார் எப்படிங்க ஐயா வரும்? வீடுதான் கடல்ல இருக்கே?"

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். "அது அலுவலர் கார்ங்க. ஆப் பார்த்தெல்லாம் ஓட்டறதில்லை. டிரைவர்கிட்ட வழி சொன்னா நேரா வாசலுக்கு வந்துடுவார்."

தாளில், கீழ்க்கண்ட நாற்பது வீடுகளையும் நேரில் சென்று பார்த்தேன், புள்ளிகள் சரியாக உள்ளன என்று இருந்தது. கீழே நாற்பது முகவரி. மீட்டர்காரர் ஒவ்வொன்றாகப் படித்தார். நீல வாசல்கதவு வீடு, மீட்டர் படிக்கட்டுக்கு அடியில். பல் மருத்துவர் வீட்டு மாடி, மீட்டர் மொட்டைமாடியில். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அண்ணன் தம்பி வீடு, இருவருக்கும் ஒரே மீட்டர், மாதாமாதம் சண்டை.

"நேர்ல போய்ப் பார்த்தேன்னு போட்டிருக்கே?" என்றார். குரல் அவருக்கே தூரத்திலிருந்து கேட்டது.

"போனீங்கல்ல?"

போனார்தான். மனைவியின் காலில் விழுந்த குழி எவ்வளவு நேரம் அப்படியே நின்றது என்று நினைத்துப் பார்த்தார். வேறு எதையும் நினைக்க வரவில்லை. இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். மீட்டர்காரர் கையெழுத்துப் போட்டார். நல்ல பேனாவாக இருந்தது, வழவழவென்று எழுதியது.

மறுநாள் மதியம் வெள்ளைக் கார் ஒன்று வாசலுக்கே வந்து நின்றது. டிரைவர் ஒரே ஒரு இடத்தில்தான் வழி கேட்டாராம். மனைவி கைத்தாங்கலாக ஏறிப் போனாள். இருட்டுவதற்குள் திரும்பி வந்தவள் தானாகவே இறங்கினாள். முகம் தெளிந்திருந்தது. கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து, பல நாளைக்குப் பிறகு காலை நீட்டி, நீளமாக ஒரு மூச்சு விட்டாள். மீட்டர்காரர் அந்த மூச்சைக் கடைசி வரைக்கும் கேட்டார்.

"இன்னைக்கு வார்டே வெறிச்சோடிக் கிடந்துச்சுங்க. பாதிப் படுக்கைக்கு மேல காலி. நர்ஸம்மா, அவசரம் ஒண்ணும் இல்லை, நிதானமா முடிச்சுக்கலாம்னு கூட அரை மணி நேரம் வெச்சிருந்தாங்க."

"ம்."

"தாழ்வாரத்துலயும் ஒருத்தரைக் காணோம். போன வாரம் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தாங்க." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "எல்லாரும் எங்கதாங்க போயிருப்பாங்க?"

"அவங்கவங்க வீட்டுலதான் இருப்பாங்க," என்று சொல்லிவிட்டு, மீட்டர்காரர் மாத்திரை எடுத்துவர உள்ளே போனார்.